ஒற்றை ஊசியின் ஆயுள்

(ஹேவாஹெட்டவில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்ததும் கிளினிக்கில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுகிறார்கள். அந்த நேரத்தில் தாய்மார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது ஒரு தடவை போட்டால் போதுமா?" போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதில் பெரும்பாலும் சரியானதுதான். ஆனால் அது எந்தச் சான்றின் மேல் நிற்கிறது, அந்தச் சான்று எந்த ஊர்ப் பிள்ளைகளின் இரத்தத்திலிருந்து கிடைத்தது, இந்த மலையில் வளரும் பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையெல்லாம் நாம் பேசுவதில்லை. இன்றைக்கு அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நுளம்பு பரப்பும் நோய்களுக்கும் இந்த மலைகளுக்கும் உள்ள உறவு பழையது. இங்கிருந்து அதிக தூரமில்லாத லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதே டெய்லர் சின்கோனா மரங்களையும் வளர்த்தார். அதன் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொயினா மருந்து எடுக்கப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றுவதற்கு இடைப்பட்ட காலத்தில் இந்தச் சரிவுகளில் சின்கோனா நிறையவே இருந்தது. பட்டையை உரித்துக் காயவைத்த கைகள் நம் முன்னோரின் கைகள். ஆனாலும் 1934-35இல் மலேரியா இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. அதன் பிறகு தலைமுறைகளாக நடந்த உழைப்பின் பலனாக, 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நுளம்போடு நடக்கும் போராட்டத்தில் இந்த நாடு வென்றிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

மூளைக்காய்ச்சலின் கதை வேறு மாதிரியானது. இந்த மலைகளில் பெய்யும் மழை மகாவலியில் சேர்கிறது. 1976இல் பொல்கொல்லையில் அணை கட்டி அந்தத் தண்ணீரின் ஒரு பகுதியை உலர் வலயத்துக்குத் திருப்பினார்கள். பல்லாண்டு தரிசாகக் கிடந்த நிலம் வயலானது, குடியேற்றங்கள் எழுந்தன. குடியேறியவர்களின் வருமானத்தைக் கூட்டப் பல இடங்களில் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. நீர் நிறைந்த வயல், அதில் இறங்கும் கொக்கு, கரையில் பன்றிப்பட்டி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு மாலையிலும் இரவிலும் கடிக்கிறது. பறவையிடமிருந்து பன்றிக்கு வைரஸைக் கொண்டுபோகிறது. பன்றியின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருக, அங்கிருந்து இன்னும் நூறு நுளம்புகள் அதை எடுத்துக்கொள்கின்றன. 1985-86இல் அநுராதபுரத்தில் பெருந்தொற்று வந்தது. 1987-88இல் அதைவிடப் பெரிதாக, மேலும் பல மாவட்டங்களில் பரவியது. இரண்டிலும் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பல பிள்ளைகள் இறந்தார்கள். பெரும்போக மழைக்குப் பிறகு, நவம்பர் தொடங்கி ஜனவரி வரை, ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிறைந்தன.

அந்தத் தொற்றை ஆராய்ந்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய மலிக் பீரிஸும், நுளம்பியல் அறிஞர் பீலிக்ஸ் அமரசிங்கவும், அவர்களோடு சேர்ந்தவர்களும் நுளம்புகளைப் பிடித்தார்கள், பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். தீவின் வெவ்வேறு தட்பவெப்பப் பகுதிகளில் இந்த வைரஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டு எழுதினார்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த அந்த பீரிஸ்தான் 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸை அடையாளம் கண்டு உலகப் புகழ் பெற்றவர். அவருடைய பெயர் இந்த உரையில் இன்னொரு இடத்திலும் வரும்.

இந்த நோயைப் பற்றி ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைக்க வேண்டும். மனிதனுடைய இரத்தத்தில் இந்த வைரஸ் போதிய அளவுக்குப் பெருகுவதில்லை. அதனால் நோயாளியைக் கடித்த நுளம்பு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க முடியாது. மனிதரோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அதில் ஒரு கடுமையான உண்மை ஒளிந்திருக்கிறது. சின்னமுத்து போன்ற நோயில் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் மிச்சமுள்ள ஐந்து பிள்ளைகளும் அவர்களின் நிழலில் பிழைத்துக்கொள்ளும். இங்கே அந்த நிழல் கிடையாது. வைரஸ் பறவையிலும் பன்றியிலும் சுற்றிக்கொண்டேயிருக்கும். அடுத்த லயத்துப் பிள்ளைக்குப் போட்ட ஊசி உங்கள் பிள்ளையைக் காக்காது. ஒவ்வொரு பிள்ளையும் தன் உடம்பிலுள்ள எதிர்ப்புச் சக்தியை மட்டுமே நம்பி நிற்கிறது. ஆகவே அந்தச் சக்தி எத்தனை வருடம் நிற்கும் என்ற கேள்வி இந்த நோயில் தனிப் பிள்ளையின் உயிரைத் தொடுகிறது.

நோயின் தன்மையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். தொற்று ஏற்படும் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது, அல்லது லேசான காய்ச்சலோடு போய்விடும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது மூளையைப் பிடிக்கிறது. கடும் காய்ச்சல், கழுத்து விறைப்பு, வலிப்பு, நினைவிழப்பு. அப்படிப் பிடிபட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களில் முப்பது முதல் ஐம்பது சதவீதம் பேருக்குப் பேச்சிலோ, நடையிலோ, அறிவிலோ, குணத்திலோ நிரந்தரக் குறை தங்கிவிடுகிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது தமிழ்நாட்டில்தான், 1955இல் வேலூரில். அரை நூற்றாண்டு கழித்து, 2005இல் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அந்த நாட்டில் பிள்ளைகளுக்கான பெருந்திட்டம் தொடங்கியது.

இலங்கை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1988இலேயே தடுப்பூசியைக் கொண்டுவந்தது. அது எலி மூளையில் வைரஸை வளர்த்துச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. பல தவணை போட வேண்டும், அதற்கு மேல் ஊக்க ஊசியும் வேண்டும். விலையும் அதிகம். அதனால் ஆபத்து மிகுந்த மாவட்டங்களில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக விரித்தார்கள். மலைநாடு அந்த வரிசையில் முன்னால் இருக்கவில்லை. பிறகு 2009இல் சீனாவின் செங்டு நகரில் தயாராகும் வலுவிழந்த உயிர் வைரஸ் தடுப்பூசிக்கு நாடு மாறியது. எஸ்.ஏ. 14-14-2 என்பது அதன் பெயர். 1954இல் சீனாவில் நுளம்புக் குடம்பிகளிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வைரஸை ஆய்வுகூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொல்லும் குணத்தை மட்டும் போக்கியிருக்கிறார்கள். சீனாவில் 1988 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்தகுதி அளித்தது. இன்று நம் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு மாதம் நிறைந்ததும் அது ஒரே ஒரு தடவை போடப்படுகிறது. ஊக்க ஊசி அட்டவணையில் இல்லை. இந்தியா அதே தடுப்பூசியை 2013 முதல் ஒன்பதாம் மாதத்தில் ஒன்றும், ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்றுமாக இரண்டு தடவை போடுகிறது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டு நாட்டு நிபுணர்களும் பொறுப்போடு எடுத்த முடிவுகள்தாம் அவை.

ஒன்று போதும் என்பதற்கு வலுவான சான்று நேபாளத்திலிருந்து வந்தது. அங்கே தராய் சமவெளியில் 1999இல் பிள்ளைகளுக்கு ஒரு தடவை ஊசி போட்டார்கள். போட்ட சில வாரங்களுக்குள்ளேயே அதன் பாதுகாப்பு 99.3 சதவீதம் என்று கண்டார்கள். ஒரு வருடம் கழித்து 98.5. ஐந்து வருடம் கழித்தும் 96.2. ஏழை நாடுகளின் சுகாதார அமைச்சுகளுக்கு இந்த எண்கள் எவ்வளவு பெரிய நிம்மதியைக் கொடுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு தாய் ஒரே முறை கிளினிக்குக்கு வந்தால் போதும். எனக்கும் அந்த எண்களில் மகிழ்ச்சிதான், அவற்றை மதிக்கிறேன். ஆனாலும் அவை தராய் சமவெளியின் எண்கள் என்பதை மறக்கக் கூடாது. ஏன் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

எதிர்ப்புச் சக்தியை எப்படி அளக்கிறார்கள்? பிள்ளையின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பத்து மடங்கு ஐதாக்கி உயிருள்ள வைரஸோடு கலந்து, உயிரணுக்களின் மேல் ஊற்றுகிறார்கள். பாதி வைரஸையாவது அது முடக்கினால் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு என்று கொள்கிறார்கள். அந்த எல்லைக்கோட்டுக்குக் கீழே போய்விட்ட பிள்ளைகள் எல்லாரும் ஆபத்தில் இருக்கிறார்களா என்பதுதான் உண்மையான சிக்கல். இரத்தத்தில் மிதக்கும் பிறபொருளெதிரிகள் காலப்போக்கில் குறையும். ஆனால் அவற்றைச் செய்யத் தெரிந்த நினைவுக் கலங்கள் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் காத்திருக்கின்றன. எலும்பு மச்சைக்குள் குடியிருக்கும் வேறு சில கலங்கள் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிறபொருளெதிரிகளைச் சுரந்துகொண்டேயிருக்கின்றன. இது ஊருக்குள் இறங்கும் யானையைத் துரத்துகிற விஷயம் மாதிரி. இரவெல்லாம் தீப்பந்தத்தோடு நிற்பவர்கள் சிலர், வீட்டில் உறங்கினாலும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிவரக்கூடியவர்கள் பலர்.

ஓடிவர நேரம் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. நுளம்பு கடித்து நோய் வெளிப்பட நான்கிலிருந்து பதினான்கு நாள் ஆகிறது. ஏற்கனவே ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஊக்க ஊசி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், எல்லைக்கோட்டுக்குக் கீழே போயிருந்தவர்களுக்குக்கூடப் பிறபொருளெதிரிகள் மிக வேகமாக, முதல் தடவையை விடப் பல மடங்கு உயரத்துக்கு எழுந்தன. நினைவு அழியவில்லை என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்கு வேறொரு வகைத் தடுப்பூசியின் ஊக்கத் தவணையைப் போட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, வருடங்கள் கழித்தும் கிட்டத்தட்ட எல்லாருமே பாதுகாப்பு எல்லைக்கு மேலேயே இருந்தார்கள். முதல் ஊசி கற்றுக்கொடுத்ததை இரண்டாவது ஊசி செதுக்கிச் சீராக்குகிறது. நினைவுக் கலங்கள் இரண்டாம் முறை வைரஸைச் சந்திக்கும்போது, அதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகின்றன. நம் நாட்டிலும் பழைய ஊசியிலிருந்து புதியதற்கு மாறிய காலத்தில், எலி மூளைத் தடுப்பூசி போட்டிருந்த இரண்டு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உயிர்த் தடுப்பூசியை ஊக்கமாகக் கொடுத்துச் சோதித்தார்கள். பாதுகாப்பாகவும் இருந்தது, எதிர்ப்பும் நன்றாக எழுந்தது. ஆக, ஊக்க ஊசி வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. அது தேவையா, தேவையென்றால் யாருக்கு, எந்த வயதில் என்பதுதான் மீதி.

இங்கே மஞ்சள் காய்ச்சலின் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். அதுவும் நுளம்பு பரப்பும் நோய், இதே வைரஸ் குடும்பம். பத்து வருடத்துக்கு ஒரு முறை ஊக்க ஊசி என்ற பழைய விதியை 2013இல் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது. ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும் என்றது. பெரியவர்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெற்ற பிரேசில் குழந்தைகளில் கணிசமானோருக்குச் சில வருடங்களிலேயே எதிர்ப்பு குறைந்துவிட்டதை அங்குள்ளவர்கள் அளந்து பார்த்தார்கள். 2020இலிருந்து நான்கு வயதில் ஒரு ஊக்க ஊசியைச் சேர்த்துக்கொண்டார்கள். கைக்குழந்தையின் நோய் எதிர்ப்பு அமைப்பு இன்னும் முதிராதது. அது கற்றதைப் பெரியவரின் உடம்பைப் போல நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை. பிரேசில் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உலகத்துக்கே பொதுவான ஒரு பரிந்துரை வந்த பின்பும், தன் நாட்டுக் குழந்தைகளின் இரத்தத்தைத் தானே சோதித்துப் பார்த்து முடிவெடுத்தது.

இப்போது தராய்க்கு வருகிறேன். அது வயலும் பன்றியும் நிறைந்த சமவெளி. ஊசி போட்ட பிள்ளையை அங்கே ஒவ்வொரு மழைக்காலத்திலும் வைரஸ் சுமந்த நுளம்பு கடிக்கக்கூடும். பிள்ளை நோயில் விழாது. ஆனால் அந்தக் கடி ஒவ்வொன்றும் இலவச ஊக்க ஊசியாக வேலை செய்கிறது. ஐந்து வருடம் கழித்து அளந்த பாதுகாப்பில் ஊசியின் பங்கு எவ்வளவு, நுளம்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நம் பொலன்னறுவைப் பிள்ளைக்கும் அந்த உதவி கிடைக்கலாம். ஹேவாஹெட்டப் பிள்ளைக்கு? இங்கேயும் பள்ளத்தில் வயல்கள் உண்டு, நுளம்பும் உண்டு. ஆனால் குளிர்ந்த உயரத்தில் இந்த வைரஸ் நுளம்பின் உடம்பில் மெதுவாகத்தான் வளர்கிறது. ஆபத்து மிகக் குறைவு. அதனால் இயற்கையான ஊக்கமும் மிகக் குறைவு. ஒரு வயதில் போட்ட அந்த ஒற்றை ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு, வேறெந்தத் துணையும் இல்லாமல் நம் பிள்ளை பதினெட்டு வயதை எட்டுகிறது.

பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை எங்கே போகிறது? உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்கு, கொழும்பில் கடைக்கு, கம்பஹாவில் கட்டட வேலைக்கு. ஜா-எல, நீர்கொழும்புப் பக்கங்களில் பன்றி வளர்ப்பு பழைய தொழில். வயல்களும் அருகில் உண்டு. நுளம்பு வலை இல்லாத போர்டிங் அறையில் நாலைந்து பேராக அவர்கள் தூங்குகிறார்கள். நோய் மலையில் இல்லை, ஆகவே இது மலையின் பிரச்சினை இல்லை என்று சொல்பவர்களோடு நான் முற்றாக முரண்படுகிறேன். எதிர்ப்பு எத்தனை வருடம் நிற்கிறது என்ற கேள்வி இந்த நாட்டில் யாரை விடவும் மலையகத்துப் பிள்ளையைத்தான் அதிகம் தொடுகிறது. தென் கொரியாவில் தடுப்பூசித் திட்டம் நோயைக் குழந்தைகளிடமிருந்து கிட்டத்தட்ட அகற்றிவிட்டது. இன்று அங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள். வைரஸ் எங்கும் போய்விடவில்லை, காப்பு இல்லாதவர்களைத் தேடிக்கொண்டது.

"டெங்குக்கு ஏன் டொக்டர் ஊசி இல்லை?" என்பது தாய்மார் கேட்கும் இன்னொரு கேள்வி. 2017இல் இந்தத் தீவில் 1,86,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டது, கண்டி மாவட்டமும் தப்பவில்லை. கேள்வி நியாயமானது. இங்கேதான் மலிக் பீரிஸ் மறுபடி வருகிறார். ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1979இல் தன் ஆசிரியர் போட்டர்பீல்டுடன் சேர்ந்து அவர் ஒன்றை வெளியிட்டார். டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்களில், அரைகுறையாக ஒட்டும் பிறபொருளெதிரி வைரஸை முடக்குவதற்குப் பதிலாக, அதை உயிரணுவுக்குள் கைப்பிடித்து அழைத்துப்போய்ப் பெருகவைக்கும் என்று அது காட்டியது. டெங்குவில் நான்கு வகை. ஒரு வகைக்கு எதிரான அரைகுறை எதிர்ப்பு, இன்னொரு வகை வரும்போது கேடாக முடியலாம். பிலிப்பைன்ஸில் 2016 தொடங்கி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு டெங்கு தடுப்பூசியைப் போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது பின்னாளில் கடும் நோயின் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. பெற்றோர் மற்றெல்லாத் தடுப்பூசிகளையும் சந்தேகிக்கத் தொடங்கினார்கள், 2019இல் அங்கே சின்னமுத்து பெருகியது. அதற்குப் பின் வந்த புதிய டெங்கு தடுப்பூசியின் சோதனையில் எட்டு நாடுகளின் இருபதாயிரம் பிள்ளைகள் பங்குகொண்டார்கள். இலங்கைப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நாலரை வருடம் தொடர்ந்து பார்த்ததில் நோயை 61 சதவீதமும், ஆஸ்பத்திரியில் சேரும் நிலையை 84 சதவீதமும் அது தடுத்தது. ஆயினும் முன்பு டெங்கு வராதவர்களுக்கு மூன்றாம், நான்காம் வகைகளில் அதன் காப்பு உறுதியாகவில்லை. டெங்குவில் அவசரப்படாதிருப்பதற்குக் காரணம் இதுதான். மூளைக்காய்ச்சல் வைரஸில் அப்படி நான்கு பிரிவு கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, இருக்கிற நல்ல ஊசியை யாரும் தவறவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? எல்லாப் பிள்ளைக்கும் நாளைக்கே ஊக்க ஊசி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாடு வாங்கும் ஒவ்வொரு மருந்துக் குப்பிக்கும் கணக்குப் பார்க்கிற காலம் இது. அளந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஐந்து, பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் இரத்தத்தை உலர் வலயத்திலும், மேற்குக் கரையிலும், ஹங்குராங்கெத்த, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட போன்ற மலைப் பகுதிகளிலும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும். சாதாரணச் சோதனை போதாது. டெங்கு வந்துபோன உடம்பில் அந்தப் பிறபொருளெதிரிகள் மூளைக்காய்ச்சல் சோதனையிலும் பொய்யாகத் தலைகாட்டும். உயிர் வைரஸை வைத்துச் செய்யும் முடக்கச் சோதனைதான் நம்பத்தக்கது. செலவும் நாளும் பிடிக்கும் வேலை. ஆனால் பீரிஸும் அமரசிங்கவும் எண்பதுகளில் பன்றி இரத்தத்தையும் நுளம்பையும் அலைந்து சேகரித்த அதே பேராதனைக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்வரலாம். இந்த அறக்கட்டளை ஒரு மாணவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வைப்பதாக இருந்தால், இந்த வேலைக்கு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாய்மார்களிடம் கேட்பது இன்னும் எளியது. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு தூக்கிப்போட்டுவிடாதீர்கள். லயத்துக் கூரை ஒழுகுமானால் பொலித்தீன் உறையில் வையுங்கள். மகன் கொழும்புக்குப் புறப்படும்போது அதில் ஊசி பதிந்த பக்கத்தின் ஒரு பிரதியைக் கொடுத்தனுப்புங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியும் மிட்வைஃப் அம்மாவும் எழுதிய அந்த ஒரு வரியை வைத்துத்தான், ஊக்க ஊசி வேண்டும் என்று நாளை முடிவானால், யாருக்கு முதலில் என்று பார்க்க முடியும். இன்று இருபதைக் கடந்த உங்கள் மூத்த பிள்ளைகளின் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். மாவட்டம் மாவட்டமாகத் திட்டம் நகர்ந்த காலத்தில் மலையில் பிறந்தவர்கள் அவர்கள். இந்த ஊசிக்கான இடம் காலியாக இருந்தால், அவர்கள் தாழ்நாட்டில் வயலருகே வேலைக்குப் போகிறவர்களாகவும் இருந்தால், சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் போய்க் கேளுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று தாளில் எழுதி வாசலருகே வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.